நடுவில் நின்றவன்

எங்கள் பட்டறையில் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் புனிதர்கள் பிறப்பார்கள். காலையில் பிளாஸ்டரைக் கரைத்து அச்சில் ஊற்றினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் தலையும் தோளுமாக வெளியே வந்து சுவரோரம் வரிசைகட்டி நிற்பார்கள். காய்ந்து, நான் வர்ணம் பூசுகிறவரைக்கும் யார் யாரென்று தெரியாது. கையில் சாவி இருந்தால் ஒருத்தர், புத்தகம் இருந்தால் இன்னொருத்தர். ஒருதடவை அவசரத்தில் பழுப்பு அங்கியை ஆள் மாற்றிப் பூசி அனுப்பிவிட்டேன். வாங்கிப்போன கோயிலில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இன்றுவரைக்கும் அந்த மனிதர் இன்னொருத்தர் பெயரில் நின்றுகொண்டு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொல்லி நான் சிரித்தபோது அண்ணன் சிரிக்கவில்லை.

“மத்தவங்க விஷயத்துல தப்பு நடந்தா அவங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்குவாங்க. ஆண்டவர் விஷயத்துல மட்டும் உன் விளையாட்டை வச்சுக்காத” என்றார்.

அண்ணன் என்று நான் சொல்வது பட்டறைக்காரரை. கூடப் பிறந்தவர் இல்லை. பதினாறு வருஷமாக அவர் வார்த்ததற்கு நான் வர்ணம் பூசுகிறேன், அவ்வளவுதான் உறவு. பட்டறைக்குப் பின்பக்கம் அவர்கள் வீடு. மாடியில் ஒற்றை அறை, அதில் நான். எனக்குக் கல்யாணம் காட்சி என்று ஒன்றும் அமையவில்லை. வயதும் தாண்டிவிட்டது. அண்ணி கையால் மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்காலம் ஒரு டீ, படுக்க ஒரு கட்டில் என்று என் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணியும் பட்டறையில் பாதி ஆள். அச்சு இரண்டு பாதியாக இருக்கும். முன்பாதியும் பின்பாதியும் சேருகிற இடத்தில், சிலையின் இரண்டு பக்கமும் ஒரு வரம்பு ஓடும். அதை ஒட்டு என்போம். அந்த ஒட்டை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இருந்த இடம் தெரியாமல் பண்ணுவது அண்ணியின் வேலை. காதுக்குப் பின்னால் ஒட்டு ராவுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கொஞ்சம் அழுத்தினால் காது கையோடு வந்துவிடும். அண்ணி கையில் ஒரு காதுகூடப் போனதில்லை.

அவர்களுக்கு ஒரே பையன். தலைமுடியைப் பார்த்துச் சுருட்டை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வைத்த பெயர் எங்களுக்கே மறந்துவிட்டது. இருபத்து நாலு வயது. பட்டறை வேனை ஓட்டுவான். சிலைகளை வைக்கோலில் பொத்தி ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இறக்கிவிட்டு வருவான். பதினைந்து வயதுக்கு மேல் பூசைக்கென்று கோயில் பக்கமே தலைகாட்டியதில்லை. இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு, கீழுதடு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். கோபம் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் இருப்பதுபோலவே எப்போதும் இருப்பான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் சாப்பிட உட்கார்ந்தவனிடம் அண்ணி வழக்கமான பாட்டை ஆரம்பித்தார்.

“ஒரு ஞாயித்துக்கிழமையாவது பூசைக்கு வாடா. ஊர்ல உள்ள கோயிலுக்கெல்லாம் சாமியைக் கொண்டுபோய் இறக்குற. நீ ஒரு நாள் உள்ள போய் முட்டி போட்டா என்ன குறைஞ்சா போயிடுவ?”

“நான்தானம்மா தூக்கி வைக்கிறேன். எனக்குத் தெரியாதா அது உள்ள என்ன இருக்குன்னு? தட்டிப் பாரு. வெறும் காத்து. நாமளே ஊத்தி நாமளே கும்பிடணுமா?”

“வாயை அடக்கிப் பேசு.”

“உங்க ஏசுவும் அப்படித்தான். தட்டினா டொய்ங்குன்னு சத்தம் வரும்.”

அண்ணி அறைந்துவிட்டார். தோளுக்கு மேல் வளர்ந்த பையனை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய் வேனை எடுத்தான். அன்று மத்தியானம் நல்ல மழை. பாலத்து வளைவில் வேன் வழுக்கிக் கீழே போய்விட்டது. மற்றதை நான் எழுதப்போவதில்லை, எனக்கு அதற்குத் தெம்பு இல்லை.

மூன்று மாதம் கழித்து எங்கள் தெருக் கோயிலிலிருந்தே ஒரு வேலை வந்தது. பீடத்துக்குப் பின்னால், நட்ட நடுவில் நிற்கிற மாதிரி ஏழடி உயரத்தில் உயிர்த்த ஆண்டவர். இரண்டு கையும் விரிந்திருக்க வேண்டும், கையில் ஆணித் தழும்பு தெரிய வேண்டும். உடம்புக்கு அச்சு எங்களிடம் இருந்தது. தலைக்கான அச்சு ஈரத்தில் கிடந்து விண்டுபோயிருந்தது. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதிதாகக் களிமண்ணில் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்தார்.

அந்த மழைக்காலம் முழுக்கப் பட்டறையில் பேச்சு இல்லை. அண்ணி வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். சமைப்பார், மூடி வைப்பார், போய்ப் படுத்துக்கொள்வார். ஊற்றினது எதுவும் காயவில்லை. சிலைகள் எல்லாம் வியர்த்துக்கொண்டு நின்றன. அண்ணன் முக்காலியில் களிமண்ணை வைத்துக்கொண்டு, பாதி நேரம் கண்ணை மூடியபடியே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருப்பார். எனக்கு ஒட்டு ராவுகிற வேலையும் சேர்ந்து வந்தது. இரண்டு புனிதர்களின் காதை உடைத்தேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது அந்த முகம் முடிந்திருந்தது. தாடி இருந்தது, முடி தோள்வரைக்கும் தொங்கியது. தாடியையும் முடியையும் கண்ணால் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்தக் கீழுதடு. இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. டீயைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“என்னடா நிக்கிற?” என்றார் அண்ணன்.

“ஒண்ணுமில்லண்ணே.”

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்குண்ணே.”

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அவர் தெரிந்து செய்தாரா, கைபோன போக்கில் வந்துவிட்டதா என்று கேட்கவும் துணிச்சல் இல்லை. நானே போய் ஈரத் துணியைப் போட்டு மூடினேன்.

ஒரே ஒரு வார்ப்புத்தான் வேண்டும் என்கிறபோது நாங்கள் போடுகிற அச்சு வேறு மாதிரி. களிமண்மேல் பிளாஸ்டரைப் பூசி, இறுகினதும் உள்ளே இருக்கிற மண்ணைத் தோண்டி எடுத்துவிடுவோம். சோப்புத் தண்ணீர் தடவிப் புதுப் பிளாஸ்டரை ஊற்றுவோம். அப்புறம் வெளி அச்சை உளியால் கொத்திக் கொத்தி உடைத்து எடுக்க வேண்டும். மண்ணும் போய்விடும், அச்சும் போய்விடும். மிஞ்சுவது அந்த ஒன்றுதான். நீலப்பொடி கலந்த முதல் பூச்சு தெரிந்ததும் உளியை மெதுவாக்க வேண்டும், அதற்குக் கீழே முகம் இருக்கிறது என்று அர்த்தம். அன்று அண்ணன் அந்த நீலம் தெரிந்ததும் உளியைக் கீழே போட்டுவிட்டு நகத்தால் சுரண்டி எடுத்தார். அப்போது எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

கண்ணுக்கு என்ன வர்ணம் என்று கேட்டேன். “நல்ல பழுப்பு. கொஞ்சம் தேன் கலந்த மாதிரி” என்றார். அது யார் கண் என்று நான் கேட்கவில்லை. கலக்க எனக்குத் தெரியும். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனின் கண்தானே. இந்தக் கதையில் யாருக்காவது தண்டனை கொடுக்க வேண்டுமென்றால் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

சிலையை ஆசீர்வதிக்கிற மந்திரிப்பு நாளன்று திரையை விலக்கினார்கள். எல்லாரும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. தாடியும் நீள முடியும் வேறு, கோயிலுக்கு வராதவனை யார் முகம் பார்த்து வைத்திருக்கப் போகிறார்கள். அண்ணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். நடுப்பாதையில் நடந்து வந்தார். முன்னால் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். அண்ணி முகத்தில் அத்தனை மாதம் கழித்து ஒரு சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து அண்ணிக்குக் கோயில்தான் வீடு. மத்தியானம் எங்களுக்குச் சோறு போட்டதும் கிளம்பிவிடுவார். முன் பெஞ்சில் உட்கார்ந்தால் வெளிச்சம் மங்குகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். என்ன பக்தி, என்ன பக்தி என்று தெருவே மெச்சியது. கோயிலைக் கூட்டி மணி அடிக்கிற கோயில்பிள்ளை ஒரு மெத்தையே தைத்துக் கொண்டுவந்து அந்த பெஞ்சில் போட்டார்.

வீட்டில் அண்ணி பேசுவது நின்றுபோனது. கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். பேச்செல்லாம் அங்கே தீர்ந்துவிடும்போல. சாப்பாட்டு மேஜையில் நாங்கள் மூன்று பேர், கரண்டிச் சத்தம், நாலாவது நாற்காலி. அண்ணன் சில நாள் அண்ணி வருகிறவரை வாசலில் நின்றுகொண்டே இருப்பார். வந்ததும், “வந்துட்டியா?” என்பார். “ம்” என்றுவிட்டு அண்ணி உள்ளே போய்விடுவார். ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம்.

“அவளுக்கு ஒரு ஆறுதல் கிடைச்சிருக்கு. அதுபோதும்” என்று அண்ணன் ஒருநாள் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டே சொன்னார். நான் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார்.

இப்படி ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது. எங்கள் தெருவில் ஒரு தையல்காரி உண்டு. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. தையல்காரி ஓடிவந்து அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நான் கேட்டா அவர் காதுல விழுமான்னு தெரியல. நீங்க கேளுங்க. நீங்க கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டார்.”

“கேக்கிறேன்மா” என்றார் அண்ணி.

ஒன்பதாம் நாள் குழந்தை கண் திறந்து தண்ணீர் கேட்டது. தையல்காரி நேராகப் பட்டறைக்கு வந்து, நாங்கள் எல்லாரும் பார்க்க அண்ணி காலில் விழுந்தாள். “உங்க ஜெபம்தான்க்கா, உங்க ஜெபம்தான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளைத் தூக்கி நிறுத்தி அனுப்பிவிட்டு, சுவரோரம் நின்ற புனிதர்களுக்கு நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். அன்று கோயிலுக்குப் போகவில்லை.

“என்னம்மா, உடம்புக்கு என்ன?” என்று அண்ணன் கேட்டார்.

“நான் கேக்கவே இல்லைங்க.”

“என்னத்தைக் கேக்கல?”

“அந்தக் குழந்தைக்காக. ஒன்பது நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தேன். மேல பாத்தா நம்ம பையன் நிக்கிறான். அவன்கிட்ட எப்படிங்க கேக்கிறது? கையில முள்ளு குத்தினா என்கிட்ட நீட்டிக்கிட்டு வர்றவன். அவன்கிட்டப் போய் மூளைக்காய்ச்சலைச் சரி பண்ணுன்னு கேக்கவா?”

அண்ணன் கையில் இருந்த பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

“பின்ன இவ்வளவு நாளா அங்க உக்காந்து என்னதான் பேசின?”

“அவன்கிட்டத்தான் பேசினேன். சாப்பிட்டியாடான்னு கேப்பேன். அன்னைக்கு அறைஞ்சது வலிச்சுதான்னு கேப்பேன். இன்னைக்கு வீட்ல இது நடந்துச்சு, அது நடந்துச்சுன்னு சொல்லுவேன். ஒரு வருஷமா நான் ஒரு ஜெபமும் பண்ணலைங்க. ஊரு என்னைக் கையெடுத்துக் கும்பிடுது.”

“அதனால என்ன இப்ப? குழந்தைதான் பொழைச்சிடுச்சே.”

“அதாங்க என்னைப் போட்டு அறுக்குது. நான் ஒரு வார்த்தை கேக்கல. கேக்காமலே குடுத்திருக்கார். அப்ப அவர் அங்கதான் எங்கயோ நிக்கிறார். நான்தான் எம் பையனை முன்னாடி நிறுத்தி அவரை மறைச்சு வச்சிருக்கேன்.”

“நீ நிறுத்தல. நான் நிறுத்தினேன்” என்றார் அண்ணன்.

நான் தூரிகையை டின்னிலேயே விட்டுவிட்டேன்.

“தெரிஞ்சா செஞ்சீங்க?”

“பண்ணும்போது தெரியல. சத்தியமாத் தெரியல. கை அதுபாட்டுக்குப் போச்சு. முடிச்சுட்டுப் பாத்தா அவன் இருக்கான். அழிச்சிருக்கணும். கை வரல.” அண்ணியைப் பார்த்து, “நீ சிரிச்சியே அன்னைக்கு” என்றார்.

“சிரிச்சேன். இல்லேன்னு சொல்லல. உங்களைக் குத்தம் சொல்லவும் இல்ல.” அண்ணி என் பக்கம் திரும்பினார். “உனக்கும் தெரியும்தானே தம்பி?”

“தெரியும் அண்ணி.”

“கண்ணு அப்படியே வச்சிருந்த. நல்ல வேலைக்காரன்தான் நீ.”

அதைவிட அண்ணி என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

“இப்ப என்ன செய்யணுங்கிற?” என்றார் அண்ணன்.

“முகத்தை மாத்துங்க.”

“அச்சு கிடையாது. தெரியும்ல உனக்கு? அதை ராவிட்டா அவ்வளவுதான். அவன் போட்டோன்னு நம்மகிட்ட இருக்கிறது லைசன்சுல ஒட்டினது ஒண்ணு. அதுல அவனை அவனுக்கே அடையாளம் தெரியாது. அந்த முகம் உலகத்துலயே அங்க ஒண்ணுதான் இருக்கு.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்றியா? அவனை ரெண்டாந்தரம் சாகடிக்கச் சொல்றியா?”

“ஏங்க, அவன் எப்படிப் போனான்னு நினைச்சுப் பாருங்க. ஆண்டவரைக் கிண்டல் பண்ணிட்டு, என்கிட்ட அடி வாங்கிட்டு, சாப்பிடாமப் போனான். அவனுக்காக யாராவது மன்னிப்புக் கேக்கணுமா வேணாமா? யார்கிட்டக் கேப்பேன்? கேக்க வேண்டிய இடத்துல அவனையே நிறுத்தி வச்சிருக்கோம். ஒரு வருஷமா எம் புள்ளைக்காகக் கேக்க ஒரு நாதி இல்லைங்க.”

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். வாளியில் இருந்த பிளாஸ்டர் கல்லாகிவிட்டது. நான்தான் அதை உடைத்துக் கொட்டினேன்.

மறுநாள் அண்ணி கோயிலில் போய்ச் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த நாள் பங்குச் சாமியார் பட்டறைக்கே வந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், இங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறது. வர்ணம் காயாத நாற்காலியில் உட்காரப் போனவரைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்து உட்கார வைத்தேன். அண்ணி டீ கொண்டுவந்தார்.

“அம்மா, நீங்க சொன்னதை யோசிச்சுப் பாத்தேன். சிலை சிலைதான். நாம அதைக் கும்பிடல. அது யாரை ஞாபகப்படுத்துதோ அவரைத்தான்” என்றார் சாமியார்.

“அதுதானே ஃபாதர் சிக்கலே. அது எனக்கு எம் பையனைத்தான் ஞாபகப்படுத்துது.”

சாமியார் டீயை ஊதினார். ஊதி முடிய வெகுநேரம் ஆனது.

“அவரும் ஒரு அம்மாவுக்குப் பிறந்தவர்தானே? மனுஷ முகத்தோடதானே வந்தார்? உங்க பையன் முகத்துலயே அவரைப் பார்க்கலாமே.”

“பசிச்சவன் முகத்துல பாருன்னு போன வாரம் பிரசங்கத்துல சொன்னீங்க. பாக்கிறேன். தையல்காரி முகத்துல பாருங்கன்னாலும் பாக்கிறேன். அவர் அங்க நடுவுல நின்னாத்தானே ஃபாதர், மத்தவங்க முகத்துலயும் அவரைத் தேட முடியும்? அவரையே எடுத்துட்டா நான் யாரைன்னு தேடுவேன்?”

“நீங்க அவர் அன்பை உங்க பையன் மூலமா...”

“ஃபாதர், எம் பையன் எனக்காகச் சாகல. என்மேல கோவிச்சுக்கிட்டுப் போய்ச் செத்தான். யாரையும் அவன் காப்பாத்தல, அவனையே அவனால காப்பாத்திக்க முடியல. மூணாம் நாள் நாங்க கல்லறைக்குப் போனோம். போட்ட பூ வாடிக் கிடந்துச்சு. மண்ணு அப்படியே இருந்துச்சு. எனக்கு அவன் உசிரு, ஒத்துக்கிறேன். ஆனா ஆண்டவர் இடம் அவன் தாங்குற இடம் இல்ல. பாவம், அவனை அங்க நிறுத்தி வச்சு ஊரே வந்து காய்ச்சலைச் சொல்லுது, கடனைச் சொல்லுது. அவன் என்ன பண்ணுவான்?”

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனிதர் நல்லவர். படித்ததை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டார்.

“பங்குச் சபையைக் கேக்கணும்” என்றார். அப்புறம் அவருக்கே அது அபத்தமாகத் தோன்றியிருக்க வேண்டும். “வேணாம், நான் சொல்லிக்கிறேன். வியாழக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் வாங்க” என்று எழுந்தார்.

வியாழக்கிழமை தூறல். பூசைக்கு வந்தவர்கள் குடையை விரித்துக்கொண்டு போனபின் கோயில்பிள்ளை கதவைச் சாத்தினார். பீடத்தில் இருந்த பூவையும் மெழுகுவர்த்தியையும் எடுத்து ஓரமாக வைத்து, விரிப்பைச் சுருட்டினார். நாங்கள் சாரம் கட்டினோம். கீழே பழைய துணி விரித்தோம். சிலையின் தோளையும் கையையும் சாக்கால் சுற்றிக் கட்டினோம். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அண்ணி முன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனின் பையில் அரம், உளி, உப்புத்தாளுக்கு அடியில் ஒரு சின்ன மூட்டை பிளாஸ்டரும் ஒரு டப்பாவில் சோப்புக் கரைசலும் இருந்தன. அண்ணி எழுந்து வந்து பையைப் பார்த்தார்.

“புது முகத்துக்கு இன்னும் நாலு நாள் ஆகும்னீங்க. இன்னைக்கு பிளாஸ்டர் எதுக்கு?”

அண்ணன் பையின் வாயை இழுத்து மூடினார்.

“எதுக்குங்க?”

“ஒரு அச்சு எடுத்துக்கிறேன். ராவுறதுக்கு முன்னாடி. ஒரு மணி நேரம் போதும். வீட்ல ஒண்ணு இருக்கட்டும். அலமாரிக்குள்ள வச்சுக்கலாம். நீ பாக்கவே வேணாம்.”

“நான் பாக்காம இருப்பேனா?”

“அது கோயில் இல்லையே, வீடுதானே.”

“நான் எங்க போய் உக்காந்தாலும் அங்க கோயில் கட்டிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பக்கமும் மெழுகுவர்த்தி வைப்பீங்க, நான் எதிர்ல உக்காந்து பேச ஆரம்பிப்பேன். ரெண்டு பேரும் அப்படியே கிழடாயிடுவோம். வேணாங்க.”

“ஒண்ணே ஒண்ணுதான்டி கேக்கிறேன்.” அண்ணன் மூட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பதினாறு வருஷத்தில் அவர் அண்ணியை ‘டி’ போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணி அவர் கையைப் பிடித்து, பிளாஸ்டர் மூட்டையை வாங்கிக் கோயில்பிள்ளையிடம் கொடுத்தார். அந்த மனிதர் அதைக் கைக்குழந்தையைப்போல வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அண்ணன் சாரத்தில் ஏறினார். அரத்தை எடுத்து மூக்கின்மேல் வைத்தார். வைத்தபடியே நின்றார். “என்னால முடியல” என்றார், எங்களைத் திரும்பிப் பார்க்காமலே. நான் ஏறலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தேன்.

“நீ இரு தம்பி. ஒட்டு ராவச் சொன்னா காதை உடைக்கிறவன் நீ” என்றார் அண்ணி. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். அண்ணனை நகர்த்தி நிறுத்திவிட்டு அவர் கையிலிருந்து அரத்தை வாங்கிக்கொண்டார். ஒரு வருஷமாகக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த முகம் இப்போது நேருக்கு நேர் இருந்தது. இடது புருவத்தில் இருந்த வெட்டைக் கட்டைவிரலால் ஒருதடவை தடவினார்.

“தூசி விழும்டா. கண்ணை மூடிக்க” என்றார்.

ராவ ஆரம்பித்தார். முதலில் என் வர்ணம் உதிர்ந்தது, அப்புறம் வெள்ளை. மூக்கு தேய்ந்தது. கீழுதடு போனது. அண்ணி நிறுத்தவில்லை, அவசரமும் படவில்லை. ஒட்டு ராவுகிற அதே சீரான கையோடு நெற்றியிலிருந்து தாடிவரைக்கும் இறங்கினார். பொடி அண்ணியின் முடியிலும் புருவத்திலும் படிந்து ஆளே ஒரு வார்ப்புமாதிரி ஆகிவிட்டார். அண்ணன் சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் புதுப் பிளாஸ்டர் பிடிப்பதற்காக உளி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்டார். அது அண்ணனுடைய வேலை. அதையும் அண்ணியே செய்தார்.

கீழே இறங்கினதும் திரும்பிப் பார்த்தார். விரித்த கை இருந்தது, தழும்பு இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாலத்துக்கு அடியிலிருந்து அவனைத் தூக்கிய அன்றும், மண் போட்ட அன்றும் வராத அழுகை அப்போது வந்தது.

“இப்பதாங்க செத்திருக்கான். எம் பையன் இப்பதான் செத்திருக்கான்.”

அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவரும் அழுதார். நான் சாரத்தை அவிழ்க்கிற சாக்கில் தள்ளி நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டிய இடமும் அது இல்லை. எனக்கும் சுருட்டையைப் பிடிக்கும் என்று யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து அண்ணன் கேட்டார்.

“முகம் எப்படி வைக்கட்டும்?”

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியாத முகமா வைங்க.”

அப்புறம் மண்டி போட்டார். மெத்தையில் இல்லை, வெறும் தரையில். அந்த ஒரு வருஷமும் அவர் உதடு அசைவதைத்தான் பார்த்திருக்கிறோம். அன்று சத்தமாகவே பேசினார். நாங்கள் மறந்துபோன அவன் ஞானஸ்நானப் பெயரை முழுசாகச் சொன்னார், அப்பா பெயரோடு சேர்த்து, ஆபீசில் எழுதிக் கொடுக்கிறதுபோல.

“இவன் எம் பையன். கோவக்காரன். சின்ன வயசுல உன்மேல ரொம்பப் பிரியமா இருந்தான், அப்புறம் என்னமோ ஆயிடுச்சு. வாய்க்கு வந்ததைப் பேசிட்டான். நானும் கை நீட்டிட்டேன். ரெண்டு பேரையும் மன்னிச்சுடு. உன்னை இத்தனை நாள் தள்ளி நிக்க வச்சுட்டேன், அதையும் மன்னிச்சுடு. அவனைக் கைவிட்டுடாத ஏசுவே. உன்னைவிட்டா அவனுக்காகக் கேக்க எனக்கு வேற ஆளில்ல.”